ராணி நலம்

போன வாரம் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறேன். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் பிடித்த வெள்ளைக் குதிரை ஒன்று என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாப்பிள்ளை அதன் மேல் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். வியர்வையும் தோல்வாரும் கொள்ளும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதில் பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார்.

எனக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்ததும் இங்கேதான். உசிலம்பட்டியிலிருந்து காலேஜுக்கு வந்து ஹாஸ்டலில் கிடந்தவனை, கூடப் படித்த காதர் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவன் அப்பாவை அத்தா என்று கூப்பிடுவான். நானும் அப்படியே கூப்பிட்டேன். அத்தா ஜட்கா ஓட்டினார். அதை இழுத்தவள் ராணி, செவலைக் குதிரை. நான் மாடுகளோடு வளர்ந்தவன். கழுத்தைச் சொறிந்துகொடுத்தால் மாடு கண்ணை மூடிக்கொள்ளும். ராணி மூடமாட்டாள், நம்மையே பார்ப்பாள். பரீட்சைக்குச் சேர்ந்து படிக்கிறோம் என்று போய், அவளுக்குக் கொள்ளு ஊறவைத்த நாட்கள்தான் அதிகம். மார்க்கும் அதற்குத் தகுந்தாற்போல்தான் வந்தது. இத்தனைக்கும் அவள் முதுகில் ஏற எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பியபின் காதர் கார்டு போடுவான். 'நலம், நலமறிய ஆவல்' என்பதற்கு அடுத்த வரியிலேயே 'ராணி நலம். உங்கள் வீட்டு மாடுகள் நலமா?' என்றிருக்கும். லாடம் மாற்றியது, பாலத்தில் பஸ் ஹாரனுக்கு மிரண்டது எல்லாம் வரும். எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். விலாசத்துக்குப் பக்கத்தில்கூட நாலு வரி ஏற்றிவிடுவான். ரோஷக்காரன் வேறு. பதில் வராமல் அடுத்த கார்டு போடமாட்டான். வந்ததையெல்லாம் கதவுக்குப் பின்னால் தொங்கிய கம்பியில் குத்திவைப்பேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். சாவு சொல்லி வந்த கடிதத்தைப் படித்த கையோடு கிழித்து வெளியே போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் ஆகாது.

ஒரு அறுப்புச் சமயம் திருவாதவூரில் அக்கா வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போயிருந்தேன். திரும்பிவந்து சாப்பிட உட்கார்ந்ததும், குழம்பு ஊற்றச் சொல்கிற அதே குரலில் அப்பா சொன்னார்.

"அந்தக் குதிரை செத்துப்போச்சாம்டா. கார்டு வந்துச்சு."

"கார்டு எங்கப்பா?"

"கிழிச்சுப் போட்டேன். சாவுச் சேதிய வீட்டுலயா வைப்பாக?"

"குதிரைக்குமாப்பா?"

"எதுக்கா இருந்தா என்ன, சாவு சாவுதான."

"வேற என்ன எழுதியிருந்தான்?"

"என்னமோ பொடிப்பொடியா அம்புட்டு எழுதியிருந்தான். மேல் வரியப் பாத்தேன், கிழிச்சுட்டேன்."

பாதிச் சோற்றில் எழுந்து தெருவெல்லாம் தேடினேன். ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் கோரிப்பாளையம் போனேன். காதர் வீடு பூட்டியிருந்தது. எதிர் டீக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அவுக குடும்பத்தோட போயிட்டாகளே தம்பி. ராணி போனதுல அத்தாவுக்கு இங்க இருப்புக் கொள்ளல. கெளம்புற அன்னிக்கி வரைக்கும் காதரு ஒன்னியத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்."

"எந்த ஊருக்குண்ணே?"

"யாருக்குத் தெரியும்? புது அட்ரஸ் ஒனக்குக் கார்டுல எழுதிட்டேன்னானே."

அதற்குப்பின் கார்டு வரவில்லை. துக்கத்தைச் சொல்லி எழுதியவனுக்கு நான் ஒரு வரி பதில் போடவில்லை. அவன் கணக்கில் நான் அப்படிப்பட்டவன். தெரியாமல் செய்ததுதானே என்று அம்மா அப்பாவுக்காகப் பேசுவாள். தெரிந்துகொள்ள இன்னும் நாலு வரி படித்திருந்தால் போதும். அந்தக் கோபம் எனக்குக் கடைசிவரை ஆறவில்லை.

போன வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். போட்டோவோடு எல்லோருக்கும் போனிலேயே சொல்லியனுப்பினோம். பதிலுக்குக் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. கிழிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? தபால்காரர் இப்போது பேங்க் நோட்டீஸோடு மட்டும்தான் வருகிறார். ஜட்கா நின்ற இடத்தில் மொபைல் கடை. காதருக்கு மட்டும் நான் எதையும் சொல்லியனுப்ப வழியில்லை. கம்பி இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. அதில் கடைசியாகக் குத்திய கார்டில் ராணி நலம் என்றுதான் இருக்கிறது.