அசதி இல்லாத புத்தகம்

நைட் ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் பஸ்ஸில், ஏறி உட்கார்ந்ததுமே தூங்கிவிடுவோம். ஜன்னலோரத்தில் ஒருவர் மட்டும் விழித்திருந்து புத்தகம் படிப்பார். புருவத்தில் கரித்தூசி படிந்த, ஒடிசலான மனிதர். அவரவர் பிளாக் வரும்போது தோளைத் தட்டி எழுப்புவதும் அவர்தான். பெயரைக் கேட்டுக்கொண்டதில்லை.

அவர் பையில் இரண்டே புத்தகங்கள். ஒன்று, வாழ்க்கையில் முன்னேற வழி சொல்வது. மற்றது, போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாய் எழுதியது.

“எது நல்லா இருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“முன்னேறச் சொல்ற புத்தகத்துல ஒருத்தனுக்கும் அசதியே வரலிங்க. எல்லாரும் ஜெயிச்சிக்கினே இருக்கானுங்க. சிப்பாய் அப்படியில்ல, குண்டு விழுந்துகினு இருக்கும்போதே பள்ளத்துல தூங்கிடறான். அவன் சொல்றதுதான் நெசம்னு தோணுது.”

ஒரு மழைக்காலக் காலையில் டிரைவர் போட்ட சத்தத்தில் விழித்தேன். பஸ் டெப்போவுக்கே வந்திருந்தது. யாரும் குரல் கொடுக்காததால் டிரைவர் எங்கும் நிறுத்தவில்லை. ஜன்னலோரத்து மனிதரும் தூங்கியிருந்தார்.

பதறி எழுந்து எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. தூறலில் நடந்தே திரும்பினோம்.

“எப்படித் தூங்கினீங்க?” என்றேன்.

“ஜன்னல் கம்பி குத்திச்சி. அந்த முன்னேற்றப் புத்தகத்தைத் தலைக்கு வெச்சேங்க. இன்னிக்குத்தான் அது உபயோகப்பட்டுச்சி.”

அதுவரை எங்களுக்காக அவர் எப்படி விழித்திருந்தார் என்பதுதான் இன்றும் எனக்குப் புரியவில்லை.