கதிரைக்குப் பின்னால் நிற்பவர்கள்

சிமெந்துத் தரையில் ஒரு பந்திக் கதிரைகள் முழுவதும் ஒரே நேரத்தில் பின்னால் இழுபடும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்குக் கத்தரிக்காய்க் குழம்பு மணக்கும். கூடவே வலது தோள் தானாக ஒரு பக்கம் சாயும். தோள் சாய்வதற்கு ஒரு கலியாண வீடுதான் காரணம்.

நான் தளபாடம் வரைபவள். கதிரை, மேசை, வகுப்பறை வாங்கு என்று, கூட்டத்துக்காகக் கூட்டமாகச் செய்யப்படும் இரும்புச் சாமான்கள். கொழும்பில் வடிவமைப்புப் படித்துவிட்டு வந்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் பட்டறை போட்டேன். ஒரு வளைவு எப்படித் தொடங்கி எங்கே ஓய வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதும் விரலால் காற்றில் கீறிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழும்பி வேறு இடம் பார்ப்பார்.

ஆனால் பட்டறைக்கு வருகிறவர்களுக்கு என் வளைவு தேவைப்படவில்லை. கைத்தொலைபேசியை நீட்டுவார்கள். கனடாவில் மகள் வீட்டில் எடுத்த படம். "இதே மாதிரி வேணும். அரைவாசியை மகள் மறைச்சுக்கொண்டு நிக்கிறாள். மிச்சத்தை நீங்கள் யோசிச்சுச் செய்யுங்கோ." அந்த மறைந்த அரைவாசிதான் பல வருடங்களாக என் சொந்தப் படைப்பு.

அப்படியிருக்க, வலிகாமத்தில் புதிதாக மண்டபம் கட்டிய முதலாளி ஒருவர் படம் எதுவும் இல்லாமல் வந்தார்.

"சாப்பாட்டுக் கூடத்துக்குக் கதிரை, தங்கச்சி. உங்கடை விருப்பத்துக்குச் செய்யுங்கோ. முதல் ஒரு பந்திக்குக் காணுமான அளவு தாங்கோ. ஒரு கலியாணத்திலை போட்டுப் பாப்பம். சரி எண்டால் முழு மண்டபத்துக்கும் உங்கடைதான். இல்லையெண்டால் பிளாஸ்ரிக் கதிரை எடுத்து, சட்டை போட்டு, பின்னாலை ஒரு பூமுடிச்சும் கட்டிவிடுவன்."

கதிரைக்குச் சட்டை! அந்தப் பூமுடிச்சு என்னைத் துரத்தத் துரத்த வரைந்தேன். மெல்லிய குழாய், முன்காலில் புறப்பட்டு, இருக்கையைச் சுற்றி, இடுப்பளவில் ஒரு பெருமூச்சைப் போல முடிந்துவிடும் வளைவு. சேலை மாட்டாது, சால்வை சிக்காது. உயரமான முதுகு இல்லாததால் கூடம் முழுவதும் ஒரு கடற்கரையைப் போல் திறந்து கிடக்கும்.

குருநகரில் இருந்து வேலைக்கு வருகிற என் வெல்டிங்காரன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன், அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது, முதற் கதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அக்கா, உது இன்னும் முடியேல்லையே?"

"முடிஞ்சுது."

"இல்லை, மேலை?"

"மேலை ஒண்டுமில்லை. மேலை வானம்."

"அப்ப சரி. மழை வந்தால் பாப்பம்."

கலியாணத்தன்று நானும் அவனும் விருந்தாளிகளாக முதற் பந்தியில் எதிரெதிரே இருந்தோம். சனம் என் கதிரைகளில் இருந்தது. ஒருவரும் நெளியவில்லை. ஒரு கிழவர் சாய்ந்து பார்த்து, "சோக்காயிருக்கு" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் ஊர்ப் பந்தியில் ஒரு வழக்கம். அடுத்த பந்திக்காரர் வெளியே நின்று காத்திருக்கமாட்டார். நாங்கள் பாதிச் சோற்றில் இருக்கும்போதே உள்ளே வந்து, ஓர் ஆளைத் தெரிந்தெடுத்து, அவர் கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். பிடித்தால் அந்த இடம் அவருக்கு. யாரும் கோபிப்பதில்லை. நானே எத்தனை கதிரைகளைப் பிடித்திருப்பேன்! வரையும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. கதிரையில் இருந்துகொண்டு வரைந்தால் இருப்பவரைத்தான் வரைய வருகிறது.

வந்தார்கள். கைகள் இறங்கின. பிடிக்க ஒன்றும் இல்லை. அந்தரத்தில் ஒரு கணம் தடுமாறிய கைகள், பிறகு கிடைத்ததைப் பிடித்தன.

என் வலது தோளில் காப்புகள் குலுங்க ஒரு கை விழுந்தது. ஊதாப் பட்டுச் சேலை, முன்பின் தெரியாத மாமி.

"அந்தரப்படாதேங்கோ பிள்ளை, ஆறுதலாச் சாப்பிடுங்கோ." உடனே தலைக்கு மேலால் யாருக்கோ: "ஓமப்பா, நான் ஆள் பிடிச்சிட்டன். உவ இன்னும் மோருக்கு வரேல்லை!" பிறகு குனிந்து, "உந்த அப்பளம் சாப்பிடப் போறியளோ?"

"ஓம் மாமி."

"இல்லை, சும்மா கேட்டனான்."

எதிரே என் தம்பியின் நிலை இன்னும் மோசம். இடது தோளை ஒருவரும் வலது தோளை வேறொருவரும் பிடித்திருந்தார்கள்.

"நான்தான் முதல் வந்தனான்."

"நீர் பிடிச்சது தோள். தோள் கதிரையிலை சேருமோ?"

"அண்ணைமார், என்னைப் பங்கு போடாதேங்கோ, பாயாசம் வரட்டும்," என்றவன் என்னைப் பார்த்தான். "அக்கா, எங்கடை மாதா கோயிலிலை உறுதிப்பூசுதலுக்குத்தான் பின்னாலை நிண்டு உப்பிடித் தோளிலை கை வைக்கிறவை. அண்டைக்கும் எனக்கு இவ்வளவு பாரம் இருக்கேல்லை."

தோளில் ஒருவர் கை இருக்க எவ்வளவு நேரம் சாப்பிடலாம்? சனம் விழுங்கியது, விக்கியது, எழும்பியது. கதிரைகள் ஒன்றாக இழுபட்டன. பாயாச வாளி வாசலுக்கு வரும்போது முதற் பந்தி கை கழுவிக்கொண்டிருந்தது. பூமுடிச்சுகள் என் கண்முன்னே மலர்ந்தன.

முதலாளி கூடத்து வாசலில் நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணை, முதுகு உயரம் காணாது. ஒரு சாண் உயர்த்தித் தாறன். இன்னும் ஒருக்காப் போட்டுப் பாப்பம்."

"விசரே உங்களுக்கு?" அவர் முகம் குத்துவிளக்கு. "வழக்கமா எங்கடை சனம் மோரையும் குடிச்சு, வெளிநாட்டுப் பிள்ளையளின்ரை கதையெல்லாம் கதைச்சு முடிச்சுத்தான் எழும்பும். இண்டைக்குப் பாருங்கோ, அதுக்குள்ளை ரெண்டாம் பந்தியும் இருந்திட்டுது! உதுதான் கதிரை. முழு மண்டபத்துக்கும் செய்யுங்கோ."

"சனம் ஆறியிருந்து சாப்பிட எண்டுதான் அண்ணை நான் வரைஞ்சனான்."

"ஆறியிருக்கிறதெண்டால் வீட்டிலை இருக்கட்டும்."

"ஒரு நாலு விரல் எண்டாலும்..."

"ஒரு விரலும் வேண்டாம்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்கு என் கதிரை முழுதாகப் பிடித்திருக்கிறது. அதுவும் அதன் குறைக்காக. இது என் கதிரையே இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பின்னால் தம்பி என் காதுக்குள், "அக்கா, பூமுடிச்சு," என்றான்.

"ஓம் அண்ணை," என்றேன். "செய்து தாறன். போயிட்டு வாறம்."

படி இறங்கினோம். முதலாளி அவசரமாகப் பின்னால் வந்து, ஆட்கள் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, எனக்கும் மனிசிக்கும் மட்டும் ரெண்டு கதிரை முதுகு உயர்த்திச் செய்யுங்கோ, என்ன? தோளிலை ஆரும் கை வைச்சால் எனக்குச் சோறு இறங்காது."