மாமனார் சரி சொல்லாத கார்டு

தடையை நீக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கோயமுத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. அதில் ஐந்து பேர் கொண்ட டீமுக்கு நான் ஸ்க்ரம் மாஸ்டர். தினமும் காலை பத்து மணிக்கு பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் இருக்கும் மாமனார் வீட்டின் பின்னறையிலிருந்து வீடியோ காலில் வந்து ஒவ்வொருவரையும் கேட்பேன்: நேற்று என்ன முடித்தீர்கள், இன்று என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்? வேலையை நிறுத்தும் எதையும் நாங்கள் பிளாக்கர் என்போம். யார் மழுப்பினாலும் விடமாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போன மாங்காய் சீசனில் மாட்டிக்கொண்டது நான். மாட்டிவைத்தவர் என் மாமனார். அந்த வேலையைக் கம்பெனிக்குக் கொண்டுவந்ததே நான்தான், அப்புறம் யாரை நோவது?

எங்கள் வீட்டு மாங்காய் மண்டிக்கு ஒரு ஆப். எந்தத் தோட்டத்துக் காய், என்ன ரகம், எத்தனை பெட்டி, எந்த லாரியில் ஏறியது என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் போனில் பதிய வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வேலைக்கும் எங்கள் திரையில் ஒரு கார்டு உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ததைக் காட்டுவோம். வாடிக்கையாளர் சரி என்றால் கார்டு 'முடிந்தது' என்ற பத்திக்குப் போகும். இங்கே வாடிக்கையாளர் மாமனார்.

அவர் முன்னறையில் போனோடு உட்காருவார். நான் பின்னறையில் லேப்டாப்போடு. நடுவில் ஒரே ஒரு சுவர். கால் தொடங்கிவிட்டால் நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னை 'மேடம்' என்பார். சமையலறையில் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்.

“ரொம்ப அருமையா இருக்குதுங்க மேடம். ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்திப்போட்டா போதுமுங்க.”

முதல் தடவை எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். பெரிதாக்கினோம். அடுத்த தடவை ரகப் பட்டியலில் அல்போன்சாவுக்கு மேலே செந்தூரம் வரவேண்டும் என்றார். அப்புறம் லாரிக்காரர்களுக்காக மலையாளத்திலும் வேண்டும் என்றார். அது நியாயம், செய்தோம். பிறகு பச்சை நிறம் கண்ணைக் குத்தியது. அதற்கும் அடுத்த தடவை, எழுத்து இவ்வளவு பெரிதாக எதற்கு என்று கேட்டார். அடக் கடவுளே! பல்லைக் கடித்துக்கொண்டு, “பண்ணிரலாங்க சார்,” என்றேன்.

எனக்கு ஏன் அத்தனை பதற்றம் என்றால், கோயமுத்தூர் ஆபீசில் ஒரு பொறுப்பு காலியாக இருந்தது. மூன்று டீம்களையும் பார்த்துக்கொள்ள ஒரே ஆள். மாங்காய் ஆப் மே மாதக் கடைசிக்குள் முடிந்தால் அது எனக்கு. முடியாவிட்டால் எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு. வாரத்தில் ஐந்து நாள் அங்கே விடுதி, சனி ஞாயிறு வீடு. “போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்,” என்றார் கணவர். தன் அப்பாவிடமும் அவரே சொன்னார். “நல்லதுதான,” என்றாராம் மாமனார். அதற்கப்புறம்தான் இந்த 'ஒண்ணே ஒண்ணு' ஆரம்பித்தது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

“ஊர்ப்பட்ட பிளாக்கரையெல்லாம் எடுக்கறீங்க, உங்க ஊட்டுப் பிளாக்கரை எடுக்க மாட்டேங்கறீங்களே!” என்று ஒருநாள் டீம் லீடர் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது நேரே மண்டிக்கே போய்விட்டேன். வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் காய் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமனார் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவதைப் பார்த்தபடி நின்றார்.

“மாமா, அந்த ஆப்புல இன்னும் என்னதாங்க குறை?”

“குறையா? ஒரு குறையுமில்லை அம்மிணி. ஆளுக இப்ப அதுலதான பதியறாங்க.”

“அப்பச் சரின்னு சொல்லிரலாமுங்களே?”

“சொல்லலாம், சொல்லலாம். என்ன அவசரம்? ஊட்லதான இருக்கற.”

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கயிற்றை இன்னும் இறுக்கச் சொல்லி லாரிக்காரரிடம் கத்திக்கொண்டே போய்விட்டார். அந்த வெயிலில் நின்றபடிதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

கெட்ட மனுஷனாக இருந்தால் எவ்வளவு வசதி! கத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் கல்யாணமான புதிதில், மருமகள் வேலை பார்ப்பதா என்று கேட்ட சொந்தக்காரர்களின் வாயை அடைத்தவர் அவர். பின்னறைக்கு இன்வெர்ட்டர் போட்டுத் தந்தவர். எனக்கு முதுகு வலி என்று தெரிந்ததும் பொள்ளாச்சி போய் நாற்காலி வாங்கி டெம்போவில் ஏற்றி வந்தவர். இப்படிப்பட்டவரிடம் எந்த வாயால் சண்டை போடுவது?

மறுநாள் டீம் லீடர் கேலியை விட்டுவிட்டுக் கேட்டார். “நெஜமாவே என்ன பிளாக்கருங்க மேடம்?”

மாமனாருக்கு என்னை அனுப்ப மனசில்லை என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? முன்னறையில் அவர் பேப்பர் புரட்டும் சத்தம் வேறு கேட்டது. “கிளையன்ட் பாத்துட்டு இருக்காருங்க,” என்றேன். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

மாதம் முடிந்தது. கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. பொறுப்பு அந்தப் பெண்ணுக்கு. எல்லோரும் வாழ்த்து அனுப்பினார்கள், நானும் அனுப்பினேன். மதியச் சாப்பாட்டின்போது கணவர் விஷயத்தைச் சொன்னார். மாமனார் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, யாரும் கூப்பிடாமலே வீடியோ காலுக்குள் வந்தார்.

“எல்லாம் பாத்துட்டனுங்க மேடம். சரியா இருக்குதுங்க. இனி ஒண்ணும் மாத்த வேண்டாமுங்க.”

டீம் கை தட்டியது. நான் கார்டை 'முடிந்தது' பத்திக்கு நகர்த்தினேன். மவுசை மேசையில் நங்கென்று வைத்தேன்.

கால் முடிந்ததும் என் அறைக் கதவருகே வந்து நின்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“அடுத்து நம்ம தோட்டத்துச் சொட்டுநீருக்கு ஒரு ஆப் பண்ணிப்போடலாம் அம்மிணி,” என்றார். “அவசரமில்லை, மெதுவாவே பண்ணு.”