கண்ணுக்கு நான் சொன்ன பொருள்

பாக்கியத்தின் வலக்கண்ணைப் போக்கியவன் நான்தான். தேயிலைக் குச்சி அல்ல... நான்!

நீங்கள் நம்பத் தயங்குவீர்கள். இந்த மலையில் யாருமே நம்பமாட்டார்கள். எழுபதுகளில், சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டின் கிறிஸ்தவ சபைக்கு நான் உபதேசியாராக வந்து சேர்ந்தேன். வைத்தியம் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் இறையியல் பள்ளியில் அரைகுறையாகப் படித்த கிரேக்கம்.

அந்தக் கிரேக்கத்தைக் காட்டிக்கொள்ளாமல் எனக்கு ஒரு ஞாயிறு கழியாது. எத்தனை அற்பத்தனம்!

அன்றைய பிரசங்கம் கண்ணைப் பற்றியது. "ஒஃப்தல்மோஸ்" என்று ஓங்கிச் சொன்னேன். பழங்காலக் கிரேக்கர் கண்ணுக்கு வழங்கிய சொல் அது. 'ஒப்ஸ்' என்றால் பார்வை, 'தலமோஸ்' என்றால் வீட்டின் உள்ளறை; ஆகவே கண் என்பது பார்வை குடியிருக்கும் அறை என்று விளக்கினேன். கண் டாக்டர்களின் ஆங்கிலப் பட்டத்திலும் அதே சொல்தான் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டேன். கொழுந்து பறித்துக் களைத்த சனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே, கொழுந்து எடுக்கையில் குச்சி அடித்துப் பாக்கியத்தின் கண் சிவந்து வீங்கியது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் உடனே மலையிறங்கிப் போடி டவுனுக்குப் போய் டாக்டரிடம் காட்டச் சொன்னார். அவளோ புருஷன் செல்லையாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கம்பவுண்டரு என்னத்தக் கண்டாரு ஐயா? கண்ணோட பேர வேரு வரைக்கும் தெரிஞ்சவுக நீங்க. நீங்க சொல்லுங்க, போடிக்குப் போவணுமா?"

எனக்குத் தெரியாது அம்மா, போ... இவ்வளவுதானே சொல்லியிருக்க வேண்டும்? ஏன் வாய் வரவில்லை? ஞாயிற்றுக்கிழமை கிடைத்த மரியாதை செவ்வாய்க்கிழமையே போய்விடுமே என்ற பயம்!

"அறைக் கதவு தெறந்து கெடந்தாத்தான் நோவு. ஒரு வாரம் இறுக்கி மூடிக் கட்டி வைம்மா. தானா ஆறிரும்" என்றேன்.

கட்டினாள். வலியில் துடித்தும் அவிழ்க்கவில்லை. ஐயா சொன்ன வாரம் முடியவில்லையே! துணிக்குள் சீழ் வைத்தது. போடிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் கையை விரித்துவிட்டார். என்னை மட்டும் வெளியே அழைத்து, "கட்டி வைக்கச் சொன்னது யாருங்க?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். அப்போது மட்டும் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது!

பின்னாளில், நன்றாகக் கிரேக்கம் கற்ற போதகர் ஒருவர் என் விளக்கத்தைக் கேட்டுச் சிரித்தார். அந்த அறைக் கதை ஓசை ஒற்றுமையை வைத்துக் கட்டியதாம். 'பார்' என்ற பொருளுடைய பழைய வேர் ஒன்று அதில் இருக்கிறது. மிச்சப் பாதி எப்படி வந்தது என்பது அறிஞர்களுக்கே தெளிவில்லையாம். தெரியாது என்று எழுதிவைக்க அவர்கள் வெட்கப்படவில்லை...

பாக்கியம் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அறுப்பின் பண்டிகையன்று எழுந்து நின்று சபை நடுவே சாட்சி சொல்கிறாள்.

"ஐயா அன்னைக்குக் கட்டச் சொல்லலேன்னா, அந்தக் கண்ணு இந்தக் கண்ணையும் சேத்துக் கொண்டுபோயிருக்கும். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!"

சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்கிறது. பீடத்தருகே நின்று நானும் சொல்கிறேன்.