பக்கத்தில் படுத்தவர்

என் கழுத்துக் கயிற்றில் ஒரு சிலுவையும் ஒரு ஊதலும் சேர்ந்து தொங்குகின்றன. ஊதல் எருமைக் கொம்பில் கடைந்தது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். வாய் வைக்கும் இடத்தில் பல் பட்டுத் தேய்ந்த தடம் தெரியும், ஆனால் அது என் பல்லின் தடமல்ல. ஸ்கேன் எடுக்கப் போகும் இடத்தில் கயிற்றைக் கழற்றச் சொல்லும் தாதி சிலுவையைப் பார்த்துத் தலையாட்டுவார், ஊதலைப் பார்த்ததும் "உங்களிடம் நாய் இருக்கிறதா?" என்று கேட்பார். இல்லை என்பேன். நாயில்லாதவன் எதற்கு நாய் ஊதலைக் கட்டிக்கொண்டு திரிகிறான் என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரியும். அதைச் சொல்ல வெளிக்கிட்டால் அன்றைக்கு அவருக்கு வேறு ஆளைப் பார்க்க நேரம் இருக்காது என்பதால் நான் சிரித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

ஊதல் என் முதலாளியுடையது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பேர்லினுக்கு வெளியே, ஒரு ஏரிக்கரைக் கிராமத்தில் இருந்த அவருடைய சாப்பாட்டுக் கடையில் நான் சமையலறை வேலை செய்தேன். கிழமை முழுக்கக் கடையின் மேல்மாடி அறையில் தங்குவேன். திங்கட்கிழமை கடை பூட்டு என்பதால் ஞாயிறு பின்னேரம் ரயிலேறி, பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் இருந்த மனைவியிடமும் கைக்குழந்தையாக இருந்த மகளிடமும் வருவேன். முதலாளி பெரிய தோள்காரர், பெரிய குரல்காரர். சமையலறையிலிருந்து அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் தோட்டத்தில் பியர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வசந்தத்தில் ஒரு கறுப்பு லாப்ரடோர் குட்டி வாங்கி அஸ்டா என்று பெயர் வைத்தார். அவருடைய கிழட்டு நாய் செத்துப் போயிருந்தது. நீரில் விழும் பறவையை எடுத்து வர நாய் இல்லாமல் அங்கே வாத்து வேட்டைக்குப் போக முடியாது. அடிபட்டதைத் தவிக்க விடக்கூடாது என்பது அங்குள்ள வேட்டைக்காரர்களின் சட்டம், சட்டத்துக்கு மேலாக அது அவர்கள் மானமும் கூட.

கோடையில் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்து அனுப்பினார்கள். மூச்சு அந்தத் துளை வழியாகத்தான் போய்வந்தது. வாய்க்குக் காற்று வராததால் பேச்சோடு ஊதல் ஊதுவதும் போயிற்று. தொண்டையில் வைத்துப் பேச ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அது வண்டு இரைவதுபோல் ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டதும் அஸ்டா உறுமிக்கொண்டு மேசைக்கடியில் போய் ஒளிந்தாள். தான் வளர்த்த குட்டி தன் குரலுக்குப் பயந்து ஒளிவதை அவர் பார்த்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு இன்றைக்கும் மனதைப் பிசையும். கருவியை இழுப்பறைக்குள் போட்டவர் பிறகு அதைத் தொடவேயில்லை.

சில நாள் கழித்து அவர் மனைவி, நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது வந்து எதிரில் இருந்தார். "குரல் இல்லாத மனிதனிடம் இளம் நாய் இருந்து பயனில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் கேட்கிறார். வேட்டைக்காலம் தொடங்கும்போது அவள் வேலை செய்யாவிட்டால் கொடுத்துவிடுவோம். அவளும் போய்விட்டால் இவர் கட்டிலை விட்டு எழும்பமாட்டார்" என்றார். பிறகு, "உன் குரலைக் கொடுப்பாயா?" என்று கேட்டார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். துவக்குச் சத்தம் அப்போது என் நினைவில் வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்த மனுசியின் முகம் மட்டும்தான்.

நினைவுபடுத்தியது என் மனைவி. "உங்களுக்கென்ன விசரே? வெடிச்சத்தம் கேக்கக் கூடாதெண்டுதானே கடல் கடந்து இஞ்ச வந்தனாங்கள்? இப்ப தாரா சுடுற இடத்துக்குத் தேடிப் போகப் போறியளோ?" என்றாள். வாத்தை எங்கள் ஊரில் தாரா என்போம். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மன்னாரில் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்ததுபோல இதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: வெடி கேட்டால் நின்ற இடத்தில் விழுந்து படு, எல்லாம் அடங்கும்வரை தலையைத் தூக்காதே. ஒரு நாள் எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்து ஆரோ "எழும்புங்கோ" என்று சத்தம் போட்டார்கள். என் தம்பி எழும்பினான். அடங்கியிருக்கவில்லை. அதற்குப் பிறகு வெடி கேட்டால் நான் விழுவதை என்னால் தடுக்க ஏலாது. எழும்பு என்று பிறர் சொல்லக் கேட்டால் உடம்பு இன்னும் இறுகும்.

ஆனாலும் பயிற்சியைத் தொடங்கினோம். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்ததும் கடைக்குப் பின்னால் இருந்த புல்வெளிக்குப் போவோம். பழைய காலுறைக்குள் வைக்கோல் திணித்து, வாத்துச் சிறகு ஒன்றைக் கட்டி எறிவேன். முதலாளி கையால் காட்டுவார், நான் "அப்போர்ட்!" என்பேன். கொண்டு வா என்பதற்கு அவர்கள் நாயிடம் சொல்லும் சொல் அது. தன் ஊதலையும் என்னிடம் தந்திருந்தார்: ஒரு தரம் ஊதினால் அவள் குந்தியிருக்க வேண்டும், பல தரம் ஊதினால் திரும்பி வர வேண்டும். என் வாயில் அந்தச் சொல் மன்னார்க்காரனின் சொல்லாகத்தான் வந்தது. முதலாளி தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பார். அஸ்டாவுக்கு உச்சரிப்பில் குறையொன்றும் தெரியவில்லை. துவக்கை மட்டும் அவர் வெளியே எடுக்கவில்லை. நான் ஏன் என்று கேட்கவுமில்லை. அவர் மனைவிக்கு என் கதை ஓரளவு தெரியும்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, ஏரியில் பனிப்புகை கலையும் முன்பே நாங்கள் நாணலோரம் போய் நின்றோம். முதலாளியின் கழுத்தில் தடித்த துண்டைச் சுற்றி விட்டிருந்தார் அவர் மனைவி. துளைக்குள் தண்ணீர் போனால் நுரையீரலுக்கே போகும், ஏரிப் பக்கம் கவனம் என்று மருத்துவர் பயமுறுத்தியிருந்தார். சுடுவதற்கு முன் என் தோளைத் தட்டுவதாக ஏற்பாடு. பக்கத்து ஊர்க்காரரும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். நாய் தேறுமா, அல்லது தன்னோடு கூட்டிப் போகலாமா என்று பார்க்கத்தான் வந்திருந்தார். வாத்துகள் வந்தன. தோளில் தட்டு விழுந்தது. வெடி கேட்டது.

சேற்றில் முகம் பதியக் கிடந்தேன். விழுந்தது நினைவில் இல்லை. சேறு எங்கள் ஊர்க் கண்டல் காட்டுச் சேறு மாதிரியே மணத்தது. இடது பக்கம் ஏதோ சூடாக இருந்தது. அஸ்டா என்னைப் பார்த்துத் தானும் விழுந்து, தாடையைத் தரையில் வைத்து அசையாமல் படுத்திருந்தாள். நீரில் ஒரு வாத்து விழுந்து கிடக்க, நாயை விடவேண்டியவன் குப்புறக் கிடந்தான். எல்லாம் முடிந்தது, நாளைக்கு அஸ்டா போய்விடுவாள் என்று நினைத்தேன். பக்கத்து ஊர்க்காரர் தூரத்தில் நின்று "எழும்பு மனிதா, எழும்பு!" என்று கத்தினார். என் விரல்கள் சேற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தன.

அப்போது வலது பக்கம் நாணல் முறிந்தது. திரும்பிப் பார்த்தேன். முதலாளி துவக்கை வெடிக்காதபடி நடுவில் மடித்துத் தரையில் வைத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு என் பக்கத்தில் படுத்தார். ஒரு கை கழுத்துத் துண்டை அழுத்திப் பிடித்திருந்தது. முழங்கையளவு தூரத்தில் ஏரித் தண்ணீர். அவர் என்னைத் தூக்கவில்லை, தட்டவில்லை, ஒரு சைகைகூடக் காட்டவில்லை. நான் பார்ப்பதைத் தானும் பார்த்துக்கொண்டு கிடந்தார். துளையால் மூச்சு சீறிச் சீறிப் போய்வருவது மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோமோ தெரியாது. அந்த மூச்சைக் கேட்டுக் கேட்டு என் மூச்சும் ஒரு நிலைக்கு வந்தது. பிறகு நானாகத்தான் எழும்பினேன். எனக்குப் பிறகுதான் அவர் எழும்பினார்.

வாய் காய்ந்து போயிருந்ததால் ஊதல் என் கையிலேயே இருந்தது. "அப்போர்ட்" என்றேன், பாதிச் சத்தத்தில். அதற்காகவே காத்திருந்தவள்போல அஸ்டா நீரில் பாய்ந்தாள். நாணலுக்குள் போய் மறைந்தாள். வரமாட்டாள் என்று நினைத்த நேரம் கறுப்புத் தலை ஒன்று வாத்தோடு நீந்தி வந்தது. வாத்தை என் கையில் வைத்தாள், நான் முதலாளியிடம் கொடுத்தேன். பக்கத்து ஊர்க்காரர் கிட்ட வந்து, "வெடிக்குக் கல் மாதிரிப் படுக்கிறாளே! என் நாய்களுக்கு இதைப் பழக்க நான் வருடக் கணக்காகப் பாடுபடுகிறேன். ஆர் பழக்கியது?" என்று கேட்டார். முதலாளி விரலை என் பக்கம் நீட்டினார். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேட்டை விழுந்தால் ஒரு மரக்கொப்பை முறித்துச் சுட்டவர் தொப்பியில் செருகுவார், அதில் ஒரு துண்டு நாயின் கழுத்துப் பட்டிக்கும் போகும். அவர் அஸ்டாவுக்குச் செருகிவிட்டு, மிச்சத்தை இன்னொரு தரம் முறித்து என் கம்பளித் தொப்பியில் செருகினார். நான் அழுதேன். ஏரிக் காற்று என்று சொல்லிச் சமாளிக்கவும் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனோம். எனக்கு ஒன்றும் குணமாகிவிடவில்லை, ஒவ்வொரு வெடிக்கும் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் அவரும் படுத்தார். ஈர உடுப்போடு வருகிற எங்கள் மூவரையும் பார்த்து அவர் மனைவி கத்துவார், பிறகு சூப் ஊற்றித் தருவார். மற்ற வேட்டைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு நாங்கள் எழும்பும்வரை சுடாமல் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

வசந்தத்தில் நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோயிற்று. வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவராகக் குழிக்குள் ஒரு கொப்பைப் போட்டார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். என் தம்பியின் குழிக்கு ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் அதைப் போட்டேன். அஸ்டா அவர் மனைவியோடு இருந்து கிழடாகிச் செத்தாள். ஊதலை அந்த அம்மா என் கையில் வைத்து மூடிவிட்டார்.

போன வருடக் கடைசி நாள், பின்னேரம், தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு மகளோடு வந்தேன். ஒரு பொடியன் வாசலில் நின்று பட்டாசைக் கொளுத்தி எறிந்தான். நான் நடைபாதையில் குப்புறக் கிடந்தேன். ஊதல் நெஞ்செலும்பில் குத்தியது. "அப்பா, பட்டாசுதானே! எழும்புங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றாள் மகள். கடைக்கார அண்ணையும் ஓடி வந்து "எழும்புங்கோ, எழும்புங்கோ" என்றார். எல்லாரும் நல்லவர்கள், நல்லதுக்குத்தான் சொன்னார்கள். நான் பழக்கத்தில் தலையைத் திருப்பி வலது பக்கம் பார்த்தேன். ஈரக் கல்லும் சிதறிய முருங்கைக்காயும் கிடந்தன.