சங்கிலியில் மாட்டிய சட்டைகள்

கல்குவாரி வாசலில் எடைமேடை இருக்கிறது. அதை ஒட்டிய இரண்டு அறைகளில் ‘கேட் அக்கா’ குடியிருக்கிறார். லாரி காலியாக உள்ளே போகும்போது ஒருமுறை, ஜல்லி ஏற்றித் திரும்பும்போது ஒருமுறை எடை பார்க்க வேண்டும். கல் உடைக்க வந்தவர், கணக்குப் போடத் தெரிந்ததால் எடைமேடைக்கு மாறி, நாளடைவில் வாசலுக்கே பொறுப்பாளராகிவிட்டார். பாரம் கூடுதலாக ஏற்றிவரும் டிரைவர்களிடம், “இறக்கிட்டுப் போ. உன் வண்டி அச்சு முறிஞ்சா என் வாசல்லதானே படுத்துக் கிடப்பே?” என்பார். எதிர்த்துப் பேச ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை குவாரிக்கு விடுமுறை. அன்று சிலர் நான்கு சக்கர மண் பைக்கில் வந்து, குவித்து வைத்த மண்மேடுகளில் ஏறி இறங்குவார்கள். முதலாளிக்கு அது பிடிக்காது. ஆனாலும் விரட்டவில்லை. உள்பாதையின் குறுக்கே ஒரு சங்கிலியைக் கட்டிவிட்டு, தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். சங்கிலி துருவேறி மண் நிறத்துக்கு வந்துவிட்டது. வேகமாக வருகிறவர் கண்ணுக்கு அது படாது. அக்காவுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியூர் லாரி ஓட்டும் தன் கணவரின் பழைய வெள்ளைச் சட்டைகளைச் சனிக்கிழமை மாலைதோறும் அந்தச் சங்கிலியில் வரிசையாக மாட்டத் தொடங்கினார். அப்படிச் செய்யும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை புதுமணத் தம்பதியான மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகனுக்கு ஹோட்டல் லாண்டிரியில் வேலை. சட்டைகளை மாட்டிவிட்டு அக்கா கடைக்குப் போன நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் திரும்புவதற்குள் தூறலும் வந்துவிட்டது. சங்கிலிப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்குள் ஓடினார். மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கக் காத்திருந்த மருமகன், தான் செய்துவைத்த வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. காலையில் காட்டி அசத்தலாம் என்று நினைத்திருக்கிறார்.

மறுநாள் காலை, பின்னால் இருந்து பெரிய சத்தம். அக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது, சங்கிலிக்கு உள்பக்கம் ஒரு மண் பைக் தலைகீழாகக் கிடந்தது. அதன் அருகில் ஒரு மனிதர். தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஆளை அடையாளம் தெரிந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஞாயிறுதோறும் வருகிறவர், போகும்போது அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர். மூச்சு இருந்தது. பேச்சு இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் அக்கா நிமிர்ந்து பார்த்தார். சங்கிலி வெறுமையாகத் தொங்கியது.

வீட்டுக்கு வந்தால் நாற்காலி மேல் சட்டைகள், இஸ்திரி போட்டு, விளிம்பு பிசகாமல் அடுக்கி.

“மழை வந்துச்சு அத்தை. நனைஞ்சிருமேன்னு எடுத்துட்டேன்,” என்றார் மருமகன். “ரெண்டு சட்டையில பொத்தான் இல்லை. நீங்க தூங்கினப்புறம் தைச்சு வச்சேன்.”

அந்தச் சட்டைகள் எதற்காக அங்கே தொங்கின, இப்போது என்ன ஆயிற்று என்று அக்கா சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் மருமகன் முகம் சட்டையை விட வெளுத்துவிட்டது.

“யாராவது சங்கிலியில துணி காயப் போடுவாங்களான்னு கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்,” என்றாள் மகள்.

“கொடி இல்லாத வீடுன்னு நினைச்சேன்.”

வண்டி சங்கிலியில் மோதிப் பறந்து உள்ளே விழுந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அடிபட்டவர் மருந்து மயக்கத்தில் கிடந்ததால் அவரைக் கேட்கவும் வழியில்லை. முதலாளி தன் பெண் வக்கீலை அழைத்துக்கொண்டு எடைமேடைக்கு வந்தார். அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“துணிக் கதையெல்லாம் நீ எதுக்கும்மா இழுக்குறே?” என்றார் முதலாளி.

“கேட்டாங்க, சொன்னேன்.”

வக்கீல் பேனாவை மூடினார். “சங்கிலி கட்டினது இவர். அது இவர் பொறுப்பு. ஆனா நீங்க வாரா வாரம் துணி மாட்டி, வர்றவங்களுக்கு அதைப் பழக்கிட்டீங்க. துணி இல்லாத அன்னைக்குச் சங்கிலி இல்லைன்னு ஒருத்தர் நினைக்கலாம். அந்தப் பக்கத்து வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.”

“நான் மாட்டாமலே இருந்திருந்தா?”

“உங்க பேச்சே வந்திருக்காது.” பேனாவைப் பையில் போட்டபடி சொன்னார்: “அதுக்காக மாட்டினது தப்புன்னு நான் சொல்லலை.”

முதலாளிக்கு அதற்குள் வழி பிறந்துவிட்டது. “மாட்டினது நீ. எடுத்தது உன் மாப்பிள்ளை. இதுல நான் எங்கே வந்தேன்?”

இந்த ஒரு கேள்விதான் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. தன் மேல் வந்தால் வரட்டும். நல்ல எண்ணத்தில் மடித்து வைத்த பிள்ளை கோர்ட் வாசலில் நிற்பதா? மருமகனோ தானே போலீசில் சொல்லிவிடுகிறேன் என்று தினம் செருப்பை மாட்டுவதும், மகள் அதைக் கழற்றச் சொல்வதுமாக இருந்தது. ஹோட்டலில் ஒரு படுக்கை விரிப்பைக் கருக்கிவிட்டார் என்று வேறு தகவல் வந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் கண் விழித்துப் பேசுகிறார் என்று தெரிந்ததும் அக்கா கிளம்பினார். அவரைப் போய்ப் பார்க்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லித்தான் இருந்தார். ஆனால் வேறு யாரோ சொல்லி அந்த மனிதர் தெரிந்துகொள்வது அக்காவுக்குச் சரியாகப் படவில்லை.

வார்டில் அவருடைய ஒரு கால் கட்டோடு மேலே தொங்கியது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

“அக்கா, நீங்க ஏன் அழறீங்க? கால் போனது எனக்கு.”

“போகலை, உடைஞ்சிருக்கு,” என்றார் மனைவி. “அதையாவது சரியாச் சொல்லுங்க.”

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சட்டை, மழை, இஸ்திரி வரைக்கும். “எங்க மாப்பிள்ளை தெரியாமப் பண்ணிட்டார் தம்பி. பழியை எம்மேல போடுங்க.”

கடைக்காரர் குழப்பத்தோடு மனைவியைப் பார்த்தார், பிறகு அக்காவை. “சங்கிலியா? நான் அந்தப் பக்கமே வரலையே.”

“வண்டி அங்கேதானே கிடந்தது?”

“விழுந்தது அங்கே. வந்தது பின்பக்கமா. சங்கிலி இருக்குன்னுதான் நான் எப்பவும் ஏரிக்கரை வழியா வந்து மேட்டுல ஏறுவேன். உச்சிக்குப் போய் முன்பக்கச் சரிவுல இறங்குவேன். அன்னைக்கு உச்சிக்குப் போனா, முன்பக்கம் சரிவே இல்லை. சுவர் மாதிரி வெட்டி எடுத்திருக்காங்க.”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம் முழுக்க அந்த மேட்டு மண்ணைத்தான் பொக்லைன் இயந்திரம் லாரிகளில் அள்ளிப்போட்டது. அந்த லாரிகளுக்கு எடை பார்த்து அனுப்பியதே அவர்தான். மேலிருந்து விழுந்த வண்டி சங்கிலிக்கு உள்பக்கம்தானே கிடக்கும்.

“இதை வக்கீல்கிட்ட சொல்லுவீங்களா தம்பி?”

“எழுதிக் கையெழுத்தே போட்டாச்சு. உங்க சட்டையைப் பத்தி யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.”

“கடைக்கு வர்றவங்க கண்ணையெல்லாம் சோதிக்கிறார்,” என்றார் மனைவி, உரித்த சுளையை அக்காவிடம் நீட்டி. “எதிர்ல சரிவு இருக்கா இல்லையான்னு இவருக்குத் தெரியலை. நீங்க உக்காருங்க அக்கா, நின்னுட்டே இருக்கீங்க.”

அக்கா உட்கார்ந்து அந்தச் சுளையைச் சாப்பிட்டார். அதன் பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

வழக்கு பின்னால் பேசி முடிந்தது. ஞாயிறுகளில் ஆள் வருவது தெரிந்தும் மேட்டைச் செங்குத்தாக வெட்டிவிட்டு, வேலியோ பலகையோ வைக்காமல் விட்டது முதலாளி தரப்பின் தவறு. அனுமதியில்லை என்று தெரிந்தே கரை வழியாக நுழைந்தது கடைக்காரரின் தவறு. இரண்டு வக்கீல்களும் பழியைப் பங்கு போட்டார்கள். பெரிய பங்கு முதலாளிக்கு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவில் அந்தப் பங்கை அவருடைய இன்சூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. மேட்டைச் சுற்றி இப்போது கம்பிவேலி இருக்கிறது. சங்கிலியைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வரியும் இல்லை.

அக்காவுக்கு மட்டும் வழக்கு அன்றைக்கே, ஆஸ்பத்திரி வராந்தாவில் முடிந்துவிட்டது. அங்கிருந்தே மருமகனுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொன்னார்.

“மாப்பிள்ளை, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் அத்தை. உக்காந்துட்டேன்.”

“எங்கே?”

“ரோட்டோரமாத்தான்.”

“நாலு பேர் பாக்கப் போறாங்க, எழுந்திருங்க.”

“பாத்தாப் பாக்கட்டும் அத்தை,” என்றார் மருமகன். “கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்.”