வெட்டிக் கொடுத்த வெயில்

நாளை மறுநாள் பெங்களூரில் என் நீர்வண்ண ஓவியங்களின் கண்காட்சி. பிரேம் போடக் கொடுத்திருந்த ஆறு படங்களையும் வாங்க இன்று மூக்கண்டப்பள்ளிக் கடைக்குப் போனேன்.

ஆறும் பர்கூர் கல்குவாரிகள். குவாரி வெயிலுக்கு நான் வண்ணமே பூசுவதில்லை. தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுவேன். ஒவ்வொரு படத்திலும் மேல்பாதி வானம் அந்த வெள்ளைதான்.

இப்போது ஒன்றிலும் வானம் இல்லை.

"மேல வெறும் பேப்பராத்தான இருந்துச்சு சார். சாமி பட பிரேமுக்குள்ள உக்காரல, அதான் வெட்டிட்டேன்" என்றார் கடைக்காரர்.

ஒரு வருட வேலை.

அவரே ஒரு சுருளை நீட்டினார். "வேஸ்ட் பண்ணல சார், எடுத்து வச்சிருக்கேன். நல்ல பேப்பரு, இன்னும் ஆறு படம் வரையலாம்."

வெறும் வானத்தை மாட்டி வைத்தால் யாராவது பார்க்க வருவீர்களா?